வடை வாசனை வந்த லாரி

எங்கள் லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போகவில்லை. பிடித்த பிரேக் விடாமல் போயிற்று. பிடிக்காத பிரேக்கோடு எங்கேயாவது போய்ச் சேரலாம், ஆஸ்பத்திரிக்காவது. விடாத பிரேக்கோடு வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. திண்டிவனத்தில் மரக்காணம் போகிற சாலையோரம் ஓர் ஓட்டு வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருந்தோம். அவர் பஸ் டிரைவராக இருந்தவர். கண்டக்டர் விசில் ஊதினால் நிற்க வேண்டும், ஊதினால் கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டு, ராணுவத்தில் கழித்துக்கட்டிப் பல கை மாறி வந்த லாரி ஒன்றை வாங்கினார். அது பச்சை லாரி என்று அவர் சொல்வார். நான் பார்த்தவரை அது துரு நிறம்தான். வலது பக்கக் கதவு வளைவுகளில் தானாகத் திறந்துகொள்ளும். இடது பக்கக் கதவு என்ன செய்தாலும் திறக்காது. அதனால் கிளீனர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குவார்.

அந்தக் கிளீனர் என் வீட்டுக்காரரைவிட வயதில் மூத்தவர். ஒரே ஒரு லாரி, அதுவும் இந்த லாரி வைத்திருப்பவரை "மொதலாளி" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து வேர்க்கடலை மூட்டை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மூட்டை, ஏற்றிக்கொண்டு வந்தபோது லாரி முக்க ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. பின்சக்கரத்திலிருந்து புகை.

கிளீனர் மூக்கை உறிஞ்சியிருக்கிறார். "மொதலாளி, எங்கியோ வடை சுடறாங்க."

"நடுக்காட்டுல எவன்யா வடை சுடறான்? வண்டி எரிஞ்சிக்கினு இருக்குது, உனுக்கு வயிறு ஞாபகம்."

"சத்தியமா மொதலாளி. மசால் வடை."

எப்படியோ மூட்டைகளைச் சேர்த்துவிட்டு, நின்று நின்று, சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கே வந்ததும் நாலு சக்கரமும் ஒருசேரப் பிடித்துக்கொண்டன. லாரி அதற்குமேல் ஓர் அங்குலம் அசையவில்லை. தெருவில் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாடுகள் அதில் முதுகு தேய்த்துக்கொண்டன.

மற்ற நேரமாக இருந்தால் அவர் மெதுவாகப் பார்த்திருப்பார். வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதுதான் வினை. மோட்டார் வண்டிகளைச் சோதித்து, ஓட்டலாம், கூடாது என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அன்று லாரியைக் காட்டி நல்லபடியாக எழுதி வாங்காவிட்டால் அது ரோட்டில் ஓடக்கூடாது. ஓடாத லாரியை வைத்துக்கொண்டு எங்களால் சாப்பிட முடியாது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, விழுப்புரத்துக்கு, என் அப்பா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்பாவுக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியும் செக்கும் இருந்தன. அவருடைய எண்ணெய் என்றால் அந்த வட்டாரத்தில் பேர். அதைவிட அதிகமாக அவர் வாயில் பேர். மாப்பிள்ளையை மண்டியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத் தச்சனைக் கூப்பிட்டு ஒரு மேசையே செய்து வைத்துவிட்டார். "தேக்கு, மாப்ளே. நீங்க வந்து ஒக்கார வேண்டியதுதான் பாக்கி" என்பார். என் வீட்டுக்காரர் அந்த மேசையைப் பற்றிப் பேச்சு வந்தாலே கழுத்தைத் தடவிக்கொள்வார்.

எனக்கும் போக விருப்பமில்லை. அந்த வீட்டில் மூன்று அண்ணிகள், ஒரே அடுப்படி. என் முறை வரும்போது எனக்குப் பசிக்காது, பசிக்கும்போது முறை வராது. திண்டிவனத்தில் அடுப்பு என்னுடையது. நடுப்பகலில் தோன்றினால் எனக்கென்று ஒரு பிடி மல்லாட்டை வறுத்துக்கொள்வேன், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அந்தச் சுகத்தைத் துரு பிடித்த அந்த லாரிதான் எனக்குக் கொடுத்திருந்தது.

ஆனால் இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் வாய் திறக்காதவள். எட்டாவது வரை படித்தேன். வாத்தியார் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்லக் கூச்சப்பட்டே பாதி நாள் வராதவள் ஆனேன், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு.

லாரி படுத்த சேதி விழுப்புரம் போயிற்று. மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார், கையில் ஒரு டின் எண்ணெயோடு. உதவிக்கு வந்தாராம். வாசலில் நாற்காலி போடச் சொல்லி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றுவதை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார்.

சக்கரம் கழன்றது. உள்ளே இருக்கிற இரும்பு டிரம் கழலவில்லை. துருவும் பிரேக்கும் சேர்ந்து அதைக் கவ்விக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். சுத்தியலால் தட்டினார்கள்.

"பக்குவமா தட்டணும் மாப்ளே."

"தட்டிக்கினுதான் மாமா இருக்கேன்."

"அப்டி இல்ல. சுத்தி ஒரே மாதிரி தட்டணும். மாட்டு வண்டி கடையாணின்னா..."

"இது மாடு இல்லீங்க மாமா. மாடுன்னா பயந்துக்கினு எழுந்துக்கும்."

கிளீனர் லாரிக்கு அடியிலிருந்து, "மண்டிக்காரரு சொல்றது சரிதான் மொதலாளி. ரெண்டு தட்டு அவரே தட்டட்டும், நாம வெத்தல போடலாம்" என்றார். அப்பா அதைக் காதில் வாங்காதவர் மாதிரி பாக்கு வெட்டினார். எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து டிரம்முக்குத் திருஷ்டி கழிக்கச் சொன்னார். கழித்தோம். மிச்சப் பழத்தில் நான் ஊறுகாய் போட்டேன். டிரம் அப்படியே இருந்தது.

கடைசியில் ஜாக்கியை எடுத்து, கடப்பாரை கொடுத்து நெம்பி, இரண்டு பேரும் கெட்ட வார்த்தை சொன்னபோது அது விட்டது. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். டிரம் உருண்டுபோய் அப்பாவின் நாற்காலியை இடித்து நின்றது. மற்ற மூன்றும் அதே பாடு.

உள்ளே ஒவ்வொரு சக்கரத்திலும் சின்ன உருளை ஒன்று உண்டு. காலால் மிதித்தால் குழாய் வழியாகப் பிரேக் ஆயில் வந்து அந்த உருளையில் இருக்கிற ரப்பர் கிண்ணத்தைத் தள்ளும். அது பிரேக் கட்டையைத் தள்ளும். காலை எடுத்தால் எல்லாம் திரும்பி வரவேண்டும். ரப்பர் வரவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தபோது ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பியிருந்தது. நாலு சக்கரத்திலும் அப்படியே.

"சூட்டுல உப்பிக்கிச்சி" என்றார் கிளீனர்.

"பழசுய்யா. யுத்தத்துல போட்ட ரப்பரு. எத்தினி நாளு தாங்கும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதான் சொல்றேன், வண்டியே பழசு" என்றார் அப்பா. "அந்த மேச புதுசு."

புது ரப்பருக்காக என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரி போய் வந்தார். இந்த லாரிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரே ஒரு செட்தான் இருந்ததாம். இதுவும் போனால் மெட்ராஸிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்குள் பொங்கல் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பொட்டலத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சாமிக்குக்கூட அவ்வளவு மெதுவாக அவர் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அதை மாட்ட உட்கார்ந்தார்கள். உருளைகளைத் துடைக்கத் துணி வேண்டும் என்று என் வீட்டுக்காரர் என் அடுப்படித் துணியை எடுத்துப்போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் கறுப்பாக அதைத் திருப்பித் தந்து, "இத்த தொவச்சி வேற குடு, ஜல்தி" என்றார். நான் அதை வாளியில் போடப்போனேன். அப்போதுதான் வாசனை வந்தது.

பிரேக் ஆயில் வாசனை எனக்குப் பழக்கம். அவருடைய சட்டை எல்லாம் அதுதான். இது வேறு. கறுப்புக்கும் துருவுக்கும் அடியிலிருந்து, லேசாக வறுத்த மாதிரி ஒரு மணம். மல்லாட்டையை மற்றவர்கள் காயவைப்பதைவிட இரண்டு வெயில் கூடுதலாகக் காயவைத்து ஆட்டினால்தான் அந்த மணம் வரும். அதைச் செய்கிறவர் எங்கள் அப்பா ஒருவர்தான். நான் அந்த மணத்தில் பிறந்து வளர்ந்தவள்.

எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. ஆயுத பூசைக்கு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். லாரிக்குச் சந்தனமும் குங்குமமும் மற்றவர்களுக்குப் போதும், அப்பாவுக்குப் போதாது. செக்கு, வண்டி அச்சு, தராசு, எல்லாவற்றுக்கும் புதிதாக ஆட்டிய எண்ணெயை விட்டுத்தான் அவர் பூசை போடுவார். குழி என்று எதைக் கண்டாலும் அவருடைய கை சும்மா இருக்காது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் பிரேக் ஆயில் ஊற்றுவதற்காக டிரைவர் காலடியில் இருக்கிற டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அப்பா காலிக் கிண்ணத்தோடு லாரியிலிருந்து திருப்தியாக இறங்கிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்தவர் டப்பா நிறைந்திருப்பதைப் பார்த்து, கிளீனர் ஊற்றிவிட்டார் என்று மூடியிருப்பார்.

ரப்பர் மல்லாட்டை எண்ணெய் குடித்து உப்பியிருந்தது. வழி நெடுகக் கசிந்து, சூடான டிரம்மில் பட்டுப் பொரிந்திருக்கிறது. கிளீனர் மூக்கு பொய் சொல்லவில்லை.

குழாய்களுக்குள் இன்னும் அந்த எண்ணெய்தான் இருந்தது. புது ரப்பரை இப்படியே மாட்டினால் அதுவும் குடிக்கும். வாசலில் அவர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நான் கதவருகே போய் நின்றேன். அப்பா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். இருமினேன். யாரும் திரும்பவில்லை. வளையலை ஆட்டினேன். அப்பா, "பாப்பா காப்பி எடுத்தாந்திருக்கா பாரு" என்றார். என் கையில் கறுப்புத் துணிதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. லாரியின் மறுபக்கம் சுற்றிப் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானும் அடியில் நுழைந்தேன். துரு தலையில் கொட்டியது. என்னை அங்கே பார்த்ததும் அவர் பாம்பு என்று நினைத்து எழுந்து அச்சில் மண்டையை இடித்துக்கொண்டார்.

"இன்னாடி? இங்க எதுக்கு வந்த?"

நான் துணியை அவர் மூக்கில் வைத்தேன். "எங்க நைனா எண்ணெ. ஆயுத பூசைக்கு ஊத்தியிருக்காரு. அந்தக் குழாயெல்லாம் கழுவாம மாட்டாதீங்க."

அவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

வெளியே இருந்த அப்பாவுக்கு எங்கள் நாலு பாதங்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். "பட்டப்பகல்ல வண்டிக்கி அடியில இன்னா ரகசியம்?" என்று கேட்டார்.

"குடும்ப விசயமுங்க" என்றார் கிளீனர்.

"சொல்லாதீங்க" என்று நான் என் வீட்டுக்காரருடைய காதைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மனசு நோகும் என்பதற்காக மட்டும் இல்லை. அப்பாவுக்கு ரோஷம் வந்தால் பஞ்சாயத்து நடத்துவார். வெள்ளிக்கிழமை போய்விடும். அவர் அரை மனதாகத் தலையாட்டினார். பஸ் கம்பெனியைவிட்டு வந்ததற்கு அப்புறம் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷத்தை நான் பிடுங்கிவிட்டேன் என்று முகத்தில் எழுதியிருந்தது.

வெளியே வந்து, "கொழாயில தூசி, கழுவணும்" என்று பொதுவாகச் சொன்னார். கிளீனர் மர ஆசாரியிடம் போய், மெருகு போடுவதற்கு அவர் வைத்திருந்த ஸ்பிரிட்டை ஒரு புட்டியில் வாங்கி வந்தார். அப்பா புட்டியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பழக்கம் வேறயா?" என்றார்.

"வண்டிக்கிங்க மாமா."

"எல்லாரும் அப்டிதான் சொல்லுவாங்க."

ஸ்பிரிட்டைக் குழாயில் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்று அடித்தார்கள். மறுமுனையில் வைத்த தகர டின்னில் கலங்கலாக வந்து விழுந்தது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். குனிந்தார். ஒரு விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். மூக்கில் வைத்தார். அவருடைய முகம் மாறியது.

"இது நம்ம எண்ணெ ஆச்சே!"

பம்பு நின்றது.

"இத்தினி கலங்கல்லயும் எனுக்குத் தெரியாதா என் சரக்கு? மொத ஆட்டு எண்ணெ. பொண்ணு வீட்டுல சமைச்சித் தின்னட்டும்னு நான் விழுப்புரத்துலேர்ந்து சொமந்துக்கினு வந்து குடுத்தா, லாரிக்கி ஊத்தினீங்களா மாப்ளே? எண்ணெயோட அருமை தெரியுமா உங்களுக்கு? எந்தக் கூறு கெட்டவன் செஞ்ச வேலை இது?"

என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கிளீனர் டின்னுக்குள் பார்த்தார். அப்பா விடவில்லை. அறிவுள்ளவன் செய்வானா, இந்த அழகில் லாரி எதற்கு, சாயங்கால பஸ்ஸுக்கே மூட்டை கட்டுங்கள் என்று போனார். தெருவில் ஆள் கூடிவிட்டது.

"நீங்கதான் நைனா ஊத்தினீங்க."

சத்தம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்திருப்பேன், பின்னால் கதவு இருந்தது. அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் தெரியவில்லை.

"ஆயுத பூசை அன்னிக்கி. காலடியில ஒரு டப்பா தொறந்து கெடந்திச்சில்ல? அதுலதான் ஊத்தினீங்க. அது பிரேக்கு டப்பா. நீங்க ஊத்தினதாலதான் ரப்பரு உப்பிப்போயி வண்டி நின்னுபோச்சி. அவரு மேல ஒண்ணும் இல்ல. வண்டி மேலயும் ஒண்ணும் இல்ல. நான் மூட்ட கட்டமாட்டேன்."

அப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் டப்பா இருக்கிற பக்கத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடைய விரலைப் பார்த்தார்.

"வெறுங்குழியா கெடந்திச்சே" என்றார் கடைசியில், மெதுவாக. "காஞ்சிபோயிக் கெடக்குதேன்னு ஊத்தினேன்."

சிரிப்பை அடக்க முடியாமல் கிளீனர் ஜன்னல் வழியாக லாரிக்குள் ஏறிப் போய்விட்டார்.

அதன்பின் வேலை ஓடியது. புது ரப்பர் மாட்டி, புது ஆயில் ஊற்றி, கடைசியாகக் குழாயில் நிற்கிற காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே சக்கரத்தில் திருகாணியைத் திறந்து காற்றை விடுவார். இதற்கு முன்பும் நான்தான் மிதித்திருக்கிறேன். கத்திச் சொல்லக் கூச்சம் என்பதால் ஒரு இரும்புக் கரண்டி வைத்துக்கொள்வேன். மிதித்துவிட்டேன் என்றால் ஒரு தட்டு, விட்டுவிட்டேன் என்றால் இரண்டு. அன்றும் கரண்டியோடு ஏறப் போனேன்.

அப்பா கையை நீட்டினார். "குடு பாப்பா. நான் அமுக்கறேன்."

விழுப்புரம் மண்டியில் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து நிற்கிற மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"அமுக்குங்க மாமா!"

டங்.

"விடுங்க மாமா!"

டங், டங்.

"இன்னும் நல்லா அமுக்கணும் மாமா. பக்குவமா!"

காற்று எல்லாம் வெளியேறிய பிறகும் இது வெகுநேரம் நடந்தது. திருகாணியை என் வீட்டுக்காரர் எப்போதோ மூடிவிட்டார். சக்கரத்தில் சாய்ந்து பீடி பிடித்தபடி, "அமுக்குங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். காட்டிக் கொடுத்துவிடாதே என்பதுபோல் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் இல்லையா?

வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்கு அப்பாவும் லாரியிலேயே வந்தார். அவரை ஜன்னல் வழியாக ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். திறந்துகொள்கிற கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் லாரியைச் சுற்றிவந்து, துருவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு படியில் ஏறி நின்றுகொண்டு, "வேகமா எடு" என்றார். மைதானத்தின் பாதியில், "நிறுத்து!" என்று கத்தினார்.

லாரி நின்றது. அப்பா நிற்கவில்லை. வெற்றிலைப் பெட்டி முன்கண்ணாடிக்குப் பறந்தது, அப்பா அதன் பின்னாலேயே போனார். நெற்றியில் சுண்ணாம்போடு நிமிர்ந்து, இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "பாத்துக்கினீங்களா, எப்பிடிப் பிடிக்குது!" என்றார். "நான் அமுக்கிக் குடுத்ததுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். வண்டியை எடுக்கும்போது சக்கரங்கள் தாமாகவே விட்டு உருண்டன. எனக்கு அந்தச் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

மாப்பிள்ளை மண்டிக்கு வருவது பற்றி அப்பா அப்புறம் பேசவில்லை. மேசையை எங்களுக்கே அனுப்பிவிட்டார். அதன் மேல் நான் ஸ்டவ் வைத்துக்கொண்டேன். தேக்கு, நன்றாகச் சூடு தாங்கியது. உப்பிப்போன பழைய ரப்பர் கிண்ணம் ஒன்றை மட்டும் அவர் கேட்டு வாங்கிப் போனார். எதற்கு என்று அடுத்த முறை மண்டிக்குப் போனபோதுதான் தெரிந்தது. கல்லாப் பெட்டி மேல் அதை வைத்து, எண்ணெய் வாங்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு, ரப்பரு! நம்ம எண்ணெயக் குடிச்சி எப்டி சத போட்டிருக்குது பாரு. செத்த ரப்பருக்கே இப்டின்னா புள்ளைங்களுக்கு எப்டி இருக்கும்?"

வியாபாரம் கூடியது என்றுதான் அண்ணிகள் சொன்னார்கள்.

அடுத்த ஆயுத பூசைக்கும் வந்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், பூசணிக்காய் உடைத்தார். கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் டிரைவர் பக்கப் படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

"பாப்பா, ஆரனுக்கு மட்டும் ஒரு சொட்டு?"

"ஆரனுக்கும் வேணாம் நைனா."

"சரி" என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணெயை எடுத்துப்போய்க் கிளீனரின் தலையில் வைத்துத் தேய்த்துவிட்டார்.